வயிற்றுக்கு மாத்திரை, இதயத்துக்கு வில்லங்கம்

பெங்களூரு ஜீவனஹள்ளியில் மருந்துக் கடைக்குப் போகத் தமிழே போதும். "அண்ணா, கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்றால் காரியம் முடிந்தது. டாக்டர் சீட்டு? சட்டப்படி வேண்டும்தான். கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அந்தக் 'கேஸ் மாத்திரை' பல சமயம் இரண்டு மருந்துகளின் கூட்டு. பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கிறது. டோம்பெரிடோன் உணவை வயிற்றிலிருந்து கீழே தள்ளுகிறது. வில்லங்கம் இந்த இரண்டாவதில்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்ததற்குத் தயாராக வேண்டும். செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது நடக்கும். சில மருந்துகள் அந்த வாசலை அடைத்துவிடுகின்றன. இ.சி.ஜி.யில் 'கியூ-டி' இடைவெளி நீள்கிறது. தசை தயாராகும் முன்பே அடுத்த மின் தூண்டல் வந்தால் தாளம் கெட்டு மயக்கம் வரலாம். அரிதாக மரணமும் நேரலாம்.

இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது ஓர் ஒவ்வாமை மருந்து. 1990ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழ் 39 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியது. டாக்டர் தந்த டெர்ஃபெனடினைச் சாப்பிட்டுவந்த அவர், பூஞ்சைத் தொற்றுக்காகத் தானாகவே கீட்டோகோனசோலும் எடுத்துக்கொண்டார். மயங்கி விழ ஆரம்பித்தார். டெர்ஃபெனடினைச் சிதைக்கும் கல்லீரல் என்ஸைமைக் கீட்டோகோனசோல் முடக்கியிருந்தது. ரத்தத்தில் மருந்து தேங்கிவிட்டது.

அமெரிக்கச் சந்தையிலிருந்து டெர்ஃபெனடின் 1998ல் போனது, அஸ்டெமிசோல் 1999ல். நெஞ்செரிச்சல் மருந்தான சிசாப்ரைடின் முறை 2000ல் வந்தது. அதற்குள் அதோடு தொடர்புபடுத்தி 80 மரணங்கள் அங்கே பதிவாகியிருந்தன. இந்தியா முதல் இரண்டையும் 2003ல் தடை செய்தது. சிசாப்ரைடைத் தடை செய்ய 2011 பிப்ரவரி ஆனது. வாஷிங்டனிலிருந்து டெல்லிக்குச் செய்தி வர பதினோரு ஆண்டுகள்!

டோம்பெரிடோன் அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் 2014ல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குக் கடிவாளம் போட்டது: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, சில வகை இதய நோயாளிகளுக்குத் தரவே கூடாது. இங்கேயோ பலர் மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். தொண்டைத் தொற்றுக்குக் கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால் 1990ன் கதைதான். போதாக்குறைக்கு, பான்டோபிரசோலை நீண்ட காலம் சாப்பிட்டால் ரத்தத்தில் மக்னீசியம் குறையலாம். அதுவும் 'கியூ-டி'யை நீட்டக்கூடியதே.

பயந்துபோய், டாக்டர் எழுதித் தந்த மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்க விளைவுகளை நோயாளியே மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024.