இலவசக் காவல் போதுமா?

ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரும் அவர்களுள் உண்டு. வாடகை வீட்டுக்கும் சிம் அட்டைக்கும் வேலைக்கும் ஆதார் நகல், பான் நகல் கொடுத்துக் கொடுத்து அவர்களுக்குப் பழகிவிட்டது. கொடுத்த நகல் பின்னர் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை.

ஒருவரின் பான் எண்ணைக் கொண்டு வேறொருவர் கடன் பெற்றால், அக்கடன் உரியவரின் கடன் அறிக்கையில் ஏறிவிடும். அறிக்கையை இடைவிடாது கவனித்து, மாற்றம் கண்டதும் உரியவருக்குத் தெரிவிப்பதே கடன் கண்காணிப்பு. தரவைக் காக்கத் தவறிய நிறுவனங்கள் இதனைச் சில காலம் இலவசமாக அளிப்பது அமெரிக்காவில் வழக்கம். 2017இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்த ஈக்விஃபாக்ஸும் அவ்வாறே அளித்தது. அதுவே ஒரு கடன் தகவல் நிறுவனம் என்பதுதான் வேடிக்கை!

இத்தகைய காவல் கிடைத்தால் ஏற்கலாம். இழப்புக்கு ஈடாகக் கருதலாகாது. 2020இல் பெங்களூரைச் சேர்ந்த பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் ஏறக்குறைய 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்தன. தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றுடன் பிறந்த தேதியும் அவற்றுள் இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை எவ்வாறு மாற்றுவது? ஓராண்டு கழித்துக் காவலர் போய்விடுவார். திருடனோ காத்திருக்க அறிந்தவன்.

மேலும், இக்காவலர் பார்ப்பது ஒரே ஒரு வாயிலைத்தான். 2023இல் பெங்களூரில் சிலருடைய வங்கிக் கணக்கிலிருந்து, ஆதார்வழிப் பணப்பரிமாற்ற முறையில், அவர்கள் அறியாமலேயே பணம் எடுக்கப்பட்டது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகள் நகலெடுக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் அப்போது எழுந்தது. அங்கே புதுக்கடன் எதுவும் இல்லை. ஆகவே கடன் அறிக்கை வாய் திறக்காது. ஆதார் ஆணையம் கட்டணமின்றி அளிக்கும் கைரேகைப் பூட்டே அங்கு உதவும்.

நம் நாட்டிலோ இந்த இலவசத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே குடிமக்களின் உரிமை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அறிக்கையை ஒரு வங்கி பார்வையிட்டால் உரியவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என 2023இல் ரிசர்வ் வங்கி பணித்தது. முறையீட்டைத் தீர்க்க 30 நாளுக்கு மேலானால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு.

ஆனால் அறிக்கையைப் பெற்று, ஆங்கிலத்தில் உள்ளதைப் படித்து, முறையீடு எழுத வேண்டியவர், பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். தரவைத் தவறவிட்ட நிறுவனம் எச்சரிக்கைச் செய்தியோடு தன் கடமையை முடித்துக்கொள்வது முறையன்று. பாதிக்கப்பட்டவரின் மொழியில் பேசும் ஊழியர் ஒருவரை அமர்த்தி, பொய்க்கடன் அறிக்கையிலிருந்து நீங்கும்வரை அவருக்காக அலையும் பொறுப்பையும் அந்நிறுவனமே ஏற்க வேண்டும்.