அம்புலிமாமா வளர்ந்த வீடு

1947 ஜூலை மாதம், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, சென்னையில் குழந்தைகளுக்கான ஒரு மாத இதழ் வெளிவந்தது. தெலுங்கில் அதன் பெயர் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பதிப்பாளர் பி. நாகிரெட்டி கடப்பைப் பக்கத்துக்காரர், அச்சகத் தொழிலில் தேர்ந்தவர். நிறுவன ஆசிரியர் சக்ரபாணி தெனாலிக்காரர், வங்க நாவலாசிரியர் சரத்சந்திரரைத் தெலுங்கு வாசகர்களுக்குக் கொண்டுவந்தவர். குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் இதழ் வேண்டும் என்பது சக்ரபாணியின் எண்ணம். அதற்கு அச்சகமும் முதலும் தந்தது ரெட்டி குடும்பம்.

இந்த இருவர்தான் விஜயா புரொடக்‌ஷன்ஸ் மூலம் 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்' படங்களையும் தயாரித்தவர்கள். வடபழநியில் படப்பிடிப்புத் தளங்கள் ஒருபுறம் இயங்க, மறுபுறம் இதழ் வளர்ந்தது. தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. பிறகு மராத்தி, மலையாளம், குஜராத்தி, ஒடியா, வங்காளம், ஆங்கிலம் என்று பெருகி, 1984-இல் சமஸ்கிருதத்திலும் 2004-இல் சந்தாலியிலும் வெளிவந்தது. மராத்தியில் சாந்தோபா, மலையாளத்தில் அம்பிலி அம்மாவன் என்று அந்தந்த ஊர்க் குழந்தைகள் நிலாவை அழைக்கும் பெயரே இதழின் பெயராயிற்று.

இத்தனை மொழிகளை ஒரே கூரையின் கீழ் நடத்த முடிந்ததற்குக் காரணம் அதன் வேலைமுறை. கதைகள் பெரும்பாலும் முதலில் தெலுங்கில் எழுதப்பட்டன. எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980-இல் மறையும் வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். ஊருக்கொரு நடை, ஆளுக்கொரு பாணி என்று சிதறாமல், குழந்தை வாய்விட்டுப் படிக்கத்தக்க எளிய நடையில் எல்லாக் கதைகளையும் அமைத்தவர் அவர். அந்தக் கதைகள் அலுவலகத்திலேயே பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. எல்லா மொழி இதழ்களுக்கும் படங்கள் பொது. சென்னைக் குழந்தை பார்த்த அதே அரண்மனையைத்தான் புணேயிலும் கட்டாக்கிலும் இருந்த குழந்தைகள் பார்த்தார்கள்.

அந்த அரண்மனைகளைக் கட்டியவர்கள் ஓவியர்கள். அட்டைப் படங்களுக்கு வட்டாதி பாபய்யா, உள்பக்கங்களுக்குச் சித்ரா, சங்கர் எனத் தேர்ந்த கைகள் அங்கே மாதச் சம்பளத்தில் வேலை செய்தன. சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன் 1952-இல் சேர்ந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வரைந்தார். உருவிய வாளோடு விக்கிரமன் நடக்க, அவன் தோளில் வேதாளம் தொங்கும் படம் அவருடையது. சமஸ்கிருத மரபிலிருந்த வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பின்னும் அதே சட்டகத்தில் புதுக் கதைகள் மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தன. 2020-இல் மறைந்த சங்கருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

1975-இல் சக்ரபாணி மறைந்தார். நாகிரெட்டியின் மகன் விசுவநாத ரெட்டி இதழ்ப் பொறுப்பைத் தொடர்ந்தார். தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்த பின் குழந்தைகளின் மாலைப்பொழுது மாறியது. 1998-இல் தொழிலாளர் தகராறால் இதழ் நின்றுபோய், அடுத்த ஆண்டு மீண்டும் வெளிவந்தது. 2004-இல் நாகிரெட்டியும் காலமானார். 2007-இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் இதழை வாங்கியது. இதழைக் கணினித் திரைக்கும் கொண்டுசெல்வது அதன் திட்டம். ஆனால் அந்த நிறுவனமே கடனில் சிக்கியது. 2013-இல் இதழ் நின்றது.

அம்புலிமாமாவை வாழவைத்தது அதன் பெயர் மட்டுமல்ல. கதை எழுதுபவர், பெயர்ப்பவர், வரைபவர், அச்சிடுபவர் என எல்லோரையும் ஒரே வளாகத்தில், பல பத்தாண்டுகள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த குடும்பப் பொறுப்புதான் அதன் மூலதனம். பெயரையும் உரிமையையும் விலைக்கு வாங்க முடிந்தது. அந்தப் பட்டறையை வாங்க முடியவில்லை.