சுவர் எதற்கு, கிளுவை இருக்க?

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொடக்கம் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், சனி ஞாயிறுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு பண்ணை விடுதியில் அறை போட்டிருந்தான். ஒரு கூட்டத்துக்காக நானும் அப்போது சென்னையில் இருந்தேன். "மாமா, சேலம் வரைக்கும் குட்டி ஃப்ளைட்ல போயிரலாம், அங்கிருந்து கார். நீங்களும் வாங்க" என்றான். கிளம்பிவிட்டேன்.

சேலத்து விமானங்களின் கதை நம் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் 1993லேயே நிலையம் வந்துவிட்டது. விமானம்தான் நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்குப் பறந்தது, 2021ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏடிஆர் விமானம் வந்துபோகிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரையை எதுவும் மறைப்பதில்லை. பெரிய ஜெட் அளவுக்கு உயரப் போவதும் இல்லை. கல்வராயன் மலையின் மடிப்புகள், ஏரிகள், சேர்வராயன் சரிவு என்று வழியெல்லாம் கண்ணுக்கு விருந்து. இப்படிச் சின்ன விமானங்கள் கொங்கு நாட்டுக்கு இன்னும் எத்தனை வேண்டும், கட்டணம் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். குறிப்பெல்லாம்கூட எடுத்து வைத்திருந்தேன். விடுதி வாசலிலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது.

சங்ககிரி, ஈரோடு, சென்னிமலை தாண்டி விடுதி வாசலில் கார் நின்றது. எதிரே ஹாலோ பிளாக் சுவர், எட்டடிக்குக் குறையாது. மேலே கண்ணாடிச் சில்லுகள். உள்ளே கொரியன் புல்தரை. அதற்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பகலெல்லாம் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டரோ என்னவோ மழை பெய்கிற பூமியில்! வாசலில் சிமெண்டால் செய்த காங்கேயம் காளை ஒன்று. சுவர் நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று விடுதிப் பையனைக் கேட்டேன். "கிளுவை வேலிங்க. ஜேசிபி வெச்சு எடுத்தாங்க" என்றான்.

வேலியைப் பற்றி மறுபடியுமா என்று நினைக்கும் நெடுநாள் வாசகர்களுக்கு: ஆமாம், மறுபடியும்தான். சீமைக்கருவேலத்தைப் பற்றி எழுதியபோதும், சாலைக்காகப் புளியமரங்கள் சாய்ந்தபோதும் இதைச் சொன்னேன். வேலி போனால் கொறங்காடு போகும், கொறங்காடு போனால் மாடு போகும்.

காலையில் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். அங்கே கொறங்காடு இன்னும் இருக்கிறது. மூன்று நான்கு ஏக்கரில் ஒரு மேய்ச்சல் நிலம். நாலாபக்கமும் முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்ட கிளுவை. வெள்ளைப்போளம் தரும் மரத்தின் சொந்தக்காரன் இது. மழைக்கு முன்னால் போத்து வெட்டி வரிசையாக ஊன்றிவிட்டால் போதும், தண்ணீர் விடவே வேண்டாம். கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். நான் பார்த்த வேலியில் பிரண்டையும் முசுமுசுக்கையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடந்தன. ஒரு அம்மா துவையலுக்குப் பிரண்டை ஒடித்துக்கொண்டிருந்தார். அடியில் சருகு அசைந்தது. கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு உள்ளே நழுவியது. சுவரில் இதெல்லாம் எங்கே வந்து குடியிருக்கும்?

உள்ளே கொழுக்கட்டைப் புல், ரோமம் வைத்த கதிரோடு. இடையிடையே வெள்வேல மரங்கள். அவற்றின் நிழல் அடர்த்தியில்லாதது என்பதால் அடியிலும் புல் வளர்கிறது. கோடையில் புல் காய்ந்துபோனால் அந்த மரத்துக் காய்தான் ஆட்டுக்குத் தீனி. ஒரு காட்டில் மேய்ந்து முடித்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டு முதல் காட்டை ஆறப்போடுவார்கள். வேலி கெட்டியாக இருப்பதால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து விட்டால் சாயங்காலம் வந்து ஓட்டிக்கொள்ளலாம். சாணியும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே எருவாகிவிடும்.

காங்கேயம் மாட்டை வளர்த்தது இந்தக் காடுதான். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் இனத்தைத் தேர்ந்து பெருக்கினார்கள், நியாயமான பெருமை. ஆனால் அந்த மாட்டின் காலுக்கும் குளம்புக்கும் உறுதி கொடுத்தது கல்லாங்குத்தான இந்தத் தரை. அன்று அங்கே நின்ற கன்று செவலையாக இருந்தது. பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். தாய் மயிலை. படலை அவிழ்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"வேலிய எடுத்துப்போட்டு எல்லாரும் சொவுரு வெக்கறாங்களே, நீங்க வெக்கலீங்களா?"

"எனக்கெதுக்குங்க? எங்கப்பாரு ஊனுன வேலி. வருசத்துக்கு ஒருக்காக் கவாத்துப் பண்ணி, சந்து விழுந்த எடத்துல ரெண்டு போத்து சேத்து ஊனுவேன். சொவுரு வெடிச்சா மறுக்காத் தளுக்குமுங்களா?"

மாட்டுக்கு வேலை குறைந்தது பழைய கதை. பைகாரா மின்சாரம் 1930களில் வந்து, கிணற்றுக்கு மோட்டாரும் வந்த பிறகு கவலை இறைக்கக் காளை வேண்டாமல் போனது. டிராக்டர் வந்து ஏரையும் வாங்கிக்கொண்டது. அப்படியும் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஊரெல்லாம் நாட்டு மாடு, நாட்டு மாடு என்றது. அந்த மாடு எதைத் தின்று வளர்ந்தது என்று பேசியவர்கள் மிகக் குறைவு. இன்று கொறங்காடு ஒன்று விலைக்கு வந்தால் தேங்காய்ப் பருப்பு உலர்களம், காற்றாலை, சோலார் தகடு, வீட்டுமனை என்று எதுவாக வேண்டுமானாலும் ஆகிறது. அந்த வரிசையில் இப்போது விடுதிகளும் சேர்ந்துவிட்டன. மற்றவர்களைவிட விடுதிக்காரர்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். கிராமத்தைக் காட்டுகிறோம் என்று காசு வாங்குகிறவர்கள் அவர்கள். காட்ட வேண்டியதையே பெயர்த்துப் போடலாமா?

விடுதி மேலாளரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வருகிற குடும்பங்கள் குழந்தை விளையாடப் புல்தரை கேட்கிறார்கள், பாதுகாப்புக்குச் சுவர் கேட்கிறார்கள் என்றார். அப்படியானால் கேட்கிறவர்கள் நாம்தான். அடுத்த முறை அறை போடும்போது போனிலேயே கேளுங்கள்: வேலியா, சுவரா? கொறங்காடு இருக்கிறதா, மாடு மேய்கிறதா? நாலு பேர் கேட்டால் நாலு ஏக்கர் பிழைக்கும் என்று உண்மையிலேயே நம்புகிறேன்.

தேதி உங்கள் கையில் என்றால் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவோடு மாட்டுச் சந்தை கூடும். மயிலை, காரி, செவலை என்று காங்கேயம் மாடுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.