இலவசத்தில் வேலை ஓடாதாம்; களவில் மட்டும் ஓடுமாம்!

பாடசாலைக்கும் பள்ளிவாசல் காரியாலயத்துக்கும் லிப்ரே ஒஃபிஸ் போடுவோம் என்றால் உடனே ஒரு பதில் வருகிறது: “சேர், சும்மா கிடைக்கிற சாமானில் வேலை ஓடாது.”

சொல்பவரின் கொம்பியூட்டரில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் கடைக்காரத் தம்பி பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட களவுப் பிரதி. அதுவும் சும்மா கிடைத்ததுதானே! ஒன்று எழுதியவர்கள் விரும்பிக் கொடுத்தது, மற்றது உரியவரைக் கேட்காமல் எடுத்தது. பிஸ்கட் பக்கற்றில் ஹலால் இலச்சினை தேடும் நமக்கு இந்த வித்தியாசம் விளங்காதா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது.

சரி, வேலைக்கே வருவோம். களவுப் பிரதியை இயக்க, பெரும்பாலும் முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வினாத்தாளும் தவணைப் புள்ளியும் அழிந்துவிட்டன என்று கடைக்கு அலைகிறோம். அலையும் அந்த நாட்களை யார் கணக்கில் எழுதுவது?

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றை மூலையில் போடுவதா? லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் உழைக்கும்.

திறந்த மூல மென்பொருள் விளையாட்டுச் சாமான் அல்ல. 2004 சுனாமி அடித்த சில வாரங்களுக்குள், காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிய நம் நாட்டுத் தொண்டர்கள் எழுதியதுதான் ‘சஹானா’. அதன் மூலநிரல் திறந்திருந்தபடியால் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்துக்கும் அது உதவியது.

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை பல வருடம் லினக்ஸில் இருந்துவிட்டு, 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. எக்செல் இல்லாமல் முடியாத கணக்கு வேலை இருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், அது நியாயம். கூட்டக் குறிப்பு அடிக்கவும் களவுப் பிரதிதான் வேண்டும் என்பது என்ன நியாயம்?

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் கொம்பியூட்டரில் உள்ள மென்பொருளுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?” இல்லையென்றால் ஒரே ஒரு மேசையில், ஒரே ஒரு மாதம் லிப்ரே ஒஃபிஸ் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு வந்து வேலை ஓடவில்லை என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.