யோசனை சொன்னால் வேலை போகுமா?

மாநகராட்சி மன்றக் கூட்டங்களில் 'புதுமை' என்ற சொல் அடிக்கடி ஒலிக்கிறது. கைபேசிச் செயலி, குப்பை வண்டிக்கு ஜிபிஎஸ், ஆலோசனை நிறுவனம் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால், எந்தத் தெருவில் முதல் மழைக்கே பாதாள சாக்கடை பொங்கும், எந்தச் சந்தில் பேட்டரி வண்டி திரும்பாது என்று அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் விடியற்காலையிலேயே மேஸ்திரியிடம் வருகையைப் பதிந்துவிட்டுத் தெருவில் நிற்கிறார். பெரும்பாலும் அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்.

இது தற்செயல் அல்ல. சாதி இந்த வேலையைச் சிலரின் தலையில் கட்டியது; அதில் அறிவுக்கு இடமில்லை என்றும் சேர்த்தே தீர்மானித்தது. அதனால்தான் அதிகாரி சொன்னால் அது ஆலோசனை, தூய்மைப் பணியாளர் சொன்னால் அது எதிர்ப்பேச்சு.

அவர்களிடம் யோசனை இல்லாமல் இல்லை. புணேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-ல் சங்கம் அமைத்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். 2008-ல் அவர்களுக்கே சொந்தமான 'ஸ்வச்' கூட்டுறவு, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கியது. பயன்படுத்திய நாப்கின்களைக் கையால் பிரித்தெடுக்கும் அவலத்திலிருந்து அங்கே பிறந்ததுதான் 'சிவப்புப் புள்ளி' இயக்கம்: காகிதத்தில் சுற்றி, சிவப்புப் புள்ளி வைத்து, தனியாகக் கொடுங்கள் என்றார்கள். பெரிய செலவில்லாத யோசனை. படும் கஷ்டம் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் அங்கும் இழுபறி உண்டு. ஆனாலும், பேசுவதற்கு அவர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது.

இங்கே நிலை என்ன? மாநகராட்சிகளின் பல கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு விட வழி செய்த அரசாணை 152, 2022 அக்டோபரில் வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்தவர்கள், 13-ம் தேதி நள்ளிரவில் அகற்றப்பட்டார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், இன்று குறையைச் சுட்டிக்காட்டுவாரா? பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் முன்முயற்சி முளைக்காது.

இயந்திரம் வந்தாலும் கேள்வி மாறாது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ 2018-ல் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கியது. கும்பகோணத்துக்கும் கோவைக்கும் வந்தது. வரவேற்போம். ஆனால், அதை இயக்கும் பயிற்சியும் ஊதியமும் குழியில் இறங்கியவருக்கே முதலில் கிடைக்க வேண்டும். இல்லையேல் புதுமையின் பலன் வேறொருவருக்கு, பழைய துடைப்பம் மட்டும் அவருக்கு.

உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழிக்குள் இறங்க மறுப்பதுகூட ஒரு தொழிலாளியின் முன்முயற்சிதான். அதற்காக அவரைத் தண்டிக்கும் நிர்வாகம் புதுமையைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

நமது மாவட்ட உள்ளாட்சிகள் நாளையே தொடங்கக்கூடியவை சில. மாதம் ஒரு முறை ஒவ்வொரு வார்டிலும் தூய்மைப் பணியாளர் கூட்டம். அவர்கள் சொன்னது பதிவேட்டில் ஏற வேண்டும், 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். 2022 விதிகளின்படி அமைந்த பகுதி சபைகளில் அவர்களின் குரலும் ஒலிக்க வேண்டும். குறை சொன்னதற்காகவோ, இறங்க மறுத்ததற்காகவோ பணிநீக்கம் கூடாது என்பது ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நிபந்தனையாக வேண்டும். படித்த பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர் பதவிவரை உயரும் வழி திறக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. எதிரே நிற்பவரை உட்காரச் சொல்லிக் கேட்கும் மனம்தான் தேவை. நாற்காலி போடுவதில் தொடங்கட்டும் மாநகராட்சியின் புதுமை.