தேய்த்தால் வெளிவருமா வாக்குமூலம்?

தெளிவற்ற அவசர அழைப்புப் பதிவைக் கணினியில் ஏற்றி இரைச்சலை நீக்கினால், உள்ளே புதைந்த சொற்கள் வெளிவந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். திரைப்படங்கள் ஊட்டி வளர்த்த இந்த நம்பிக்கை தவறானது. வழக்கு மன்றத்துக்குள் நுழையும்போது ஒருவரின் வாழ்வையே அது பறிக்கக்கூடும்.

வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. ‘ஸ்’ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருப்பதால் பதிவுக்கே வந்து சேர்வதில்லை. கைபேசியோ குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்பக் கட்டியமைக்கிறது. வழியில் தொலைந்த துணுக்குகளை ஊகித்து நிரப்புகிறது. வடிகட்டிகளால் சீரான இரைச்சலைத் தணிக்க முடியும், பதிவாகாத மெய்யொலியை வரவழைக்க முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில, இல்லாத ஒலியைத் தாமே புனைந்து தருகின்றன. சாட்சியத்தில் அவற்றுக்கு இடமே கூடாது.

விடுபட்ட ஒலியை நிரப்பும் இதே வேலையைச் செவியும் செய்கிறது. ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டியெடுத்து அங்கே இருமலை வைத்து உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல் சோதித்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே எந்த ஒலியும் குறையவில்லை என்றார்கள்.

இதன் விபரீதம் நியூசிலாந்தில் வெளிப்பட்டது. 1994 ஜூன் 20 அன்று டுனெடின் நகரில் பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 111 என்ற அவசர எண்ணுக்கு அழைத்த மூத்த மகன் டேவிட் பெயின் மறு ஆண்டு குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2007இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணைக்கு ஆயத்தமானபோது, மூச்சுத் திணறும் அந்த அழைப்பின் ஓரிடத்தில் ‘நான்தான் சுட்டேன்’ என்று பொருள்படும் சொற்கள் ஒரு துப்பறியும் அதிகாரியின் காதில் விழுந்தன. அது பேச்சுதானா, வெறும் மூச்சொலியா என்பதிலேயே வல்லுநர்கள் உறுதியாக இல்லை. நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் அப்பகுதியை நடுவர் குழுவின் முன் ஒலிக்கச் செய்யக் கூடாது என்றது. 2009இல் பெயின் விடுவிக்கப்பட்டார்.

ஒலியியலாளர் ஹெலன் ஃபிரேசரும் உடன் ஆய்வாளர்களும் இதே பதிவை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. வழக்கின் கதை தெரியாமல் கேட்டவர்களுக்கு அந்தச் சொற்கள் கேட்கவில்லை. இப்படியும் இருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த பிறகு கணிசமானோருக்குக் கேட்டன.

‘பலமுறை கேட்ட அதிகாரிக்கு நன்றாகப் புரியும்’ என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் அத்தகைய காவலர்களின் எழுத்துப்படியை இந்த அடிப்படையில் ஏற்று வந்திருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்பதால் உறுதி கூடுகிறதே தவிர, சரியாகக் கேட்டதற்கு அது சான்றாகாது. பதிவைக் கேளுங்கள், தாளை நம்பாதீர்கள் என்று நீதிபதி எச்சரித்தாலும் பயனில்லை. தாளில் படித்த சொல்லைத்தான் காது கேட்கும். ஆகவே, வழக்கு விவரம் அறியாத ஒலியியல் வல்லுநரே முதலில் கேட்க வேண்டும். சொல் தேறவில்லை என்று அவர் எழுதித் தந்தால், நீதிமன்றம் அதையே முடிவாக ஏற்க வேண்டும்.