முன்பாரமும் பின்பாரமும்

டிரெய்லர் என்றதும் நம்மில் பலருக்கு வரப்போகும் திரைப்படத்தின் முன்னோட்டம் நினைவுக்கு வரும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கோ, ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டரின் பின்னால் ஆடியபடி போகும் பெட்டி நினைவுக்கு வரும். மோட்டார் சைக்கிளைச் சுமந்துகொண்டு காரின் பின்னால் ஓடும் சிறிய இழுவை வண்டி என்று ஒன்று உண்டு என்பதும், அதைத் தேர்ந்தெடுப்பதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கிறது என்பதும், வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காலம் கழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத செய்திகள். சென்ற கோடை விடுமுறையில்தான் அவை எட்டின. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இதை ஏன் பேசவேண்டும் என்று கேட்கலாம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எதை அளக்கவேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதையோ அளந்துகொண்டிருக்கும் நம் எல்லோருடைய பழக்கத்தையும் இந்த இழுவை வண்டி எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் தங்கையின் குடும்பம் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரில் வசிக்கிறது. மாப்பிள்ளைக்கும், பதினாறு வயது மருமகனுக்கும் மண்பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் ஆளுக்கொன்று உண்டு. அவ்வகை வண்டிகளுக்குச் சாலைப் பதிவு கிடையாது. மாநில அரசு தரும் ஒட்டுவில்லையோடு, அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே ஓட்டலாம். தெற்கே ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்னும் மலைப்பகுதியில் அப்படி ஓர் இடத்தை மாநில அரசே நடத்துகிறது. வீட்டு வாசலிலிருந்து அதுவரை அந்த மோட்டார் சைக்கிள்களை ஓட்டிச் செல்ல முடியாது, ஏற்றித்தான் செல்லவேண்டும். ஆகவே ஓர் இழுவை வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்கும்வரை பக்கத்து வீட்டுக்காரர் தம்முடையதை மனமுவந்து இரவல் கொடுத்தார். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள தட்டை வண்டி அது.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான்கடி அகலத்தில் இரண்டு வண்டிகளின் ஹேண்டில்பார்களும் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதால் ஒன்றை முன்நோக்கியும் மற்றொன்றைப் பின்நோக்கியும் நிறுத்திக் கட்டினோம். இறங்கியதும் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன், தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் வால்பக்கத்தில் வைத்தோம். முன்பக்கத்தில் மடக்கு நாற்காலிகள் மட்டும். 101-ஆம் நெடுஞ்சாலையில் மார்கன் ஹில் ஊரைத் தாண்டியிருப்போம். எங்களை முந்திச் சென்ற ஒரு பெரிய லாரியின் காற்று பட்டதுதான் தாமதம், பின்னால் வந்த இழுவை வண்டி இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சைவிடப் பெரிதாக இருந்தது. "மச்சான், வண்டி என் கையில இல்ல" என்றார் மாப்பிள்ளை. பின்னிருக்கையில் மருமகன் பேச்சை நிறுத்திவிட்டான். நல்லவேளையாக மாப்பிள்ளை பிரேக்கை மிதிக்கவில்லை; ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அடுத்த விலகுசாலையில் இறங்கி ஓரமாக நிறுத்தினோம். சிறிது நேரம் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியின் முன்தண்டை மாப்பிள்ளை தூக்கிப் பார்த்தார். சந்தையிலிருந்து காய்கறிப் பையைத் தூக்குவதுபோல ஒரு கையால் தூக்கிவிட்டார். அதுதான் நோய்.

மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வைக்கோலோ நெல்மூட்டையோ ஏற்றும்போது வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று பேசுவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி கழுத்தைவிட்டு மேலே எழும்பும். ஒரு மூட்டையை இரண்டு சாண் முன்னே தள்ளிவைத்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறி உட்காருவார். நெடுஞ்சாலையில் ஓடும் இழுவை வண்டிக்கும் இயல்பு அதுவேதான். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் இணைப்பின்மேல் அழுந்தவேண்டும். சுமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அச்சுக்கு முன்னால் இருக்கவேண்டும். எங்கள் மொத்தச் சுமை சுமார் 430 கிலோ. இணைப்பின்மேல் 43 முதல் 65 கிலோவரை அழுந்தியிருக்கவேண்டும். ஒரு கையால் தூக்கக்கூடிய எடையா அது? தண்ணீர் கேன்களையும் கருவிப்பெட்டியையும் முன்னே மாற்றி, மோட்டார் சைக்கிள்களை அவிழ்த்து முன்தள்ளிக் கட்டி, 55 மைல் வேகத்தில் வீடு திரும்பினோம். இழுவை வண்டியோடு செல்லும் வாகனங்களுக்குக் கலிபோர்னியாவில் சட்டம் விதிக்கும் உச்சவேகமே அதுதான். நாங்கள் 65-இல் சென்றுகொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

அதன்பிறகு மூன்று வாரங்கள் இழுவை வண்டி தேடினோம். பார்த்த இடங்களிலெல்லாம் பேச்சு ஒன்றாகவே இருந்தது. எவ்வளவு சிறிதாக மடங்கும், கொட்டகையில் எவ்வளவு இடம் பிடிக்கும், ஒருவரால் தள்ளி நிறுத்த முடியுமா, விலை என்ன. இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. ஆனால் இவை அனைத்தும் வண்டி சும்மா நிற்கும் நாளைப் பற்றிய கேள்விகள். அது சுமையோடு ஓடும் நாளைப் பற்றி ஒருவரும் முதலில் கேட்பதில்லை. சிறியது என்னும் சிறப்பு நிறுத்துமிடத்துக்கு உரியது; சாலையில் அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது என்பதே எங்கள் கருத்து.

ஓடும் நாளைப் பற்றிய கேள்விக்கு விடை வண்டியிலேயே இருக்கிறது. முன்தண்டின் அருகே ஒரு சிறு தகட்டில் மொத்த எடையின் உச்சவரம்பு பொறிக்கப்பட்டிருக்கும். பலர் அதையே சுமக்கும் திறன் என்று எண்ணிவிடுகிறார்கள். வண்டியின் சொந்த எடையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் சுமக்கும் திறன். தகட்டில் 680 கிலோ என்று இருந்து, வெற்று வண்டி 200 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 480 கிலோ மட்டுமே. எங்கள் மண்பாதை வண்டிகள் ஒவ்வொன்றும் 110 கிலோ அளவில்தான். அவற்றுக்கு இது தாராளம். ஆனால் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் நகரில் 1938 முதல் நடந்துவரும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் பலர் ஏற்றிச் செல்லும் நெடுந்தொலைவு வண்டிகள் ஒவ்வொன்றும் 350 முதல் 400 கிலோ. அதே இழுவை வண்டியில் இரண்டு தடங்கள் இருக்கின்றனவே என்று இரண்டு வண்டிகளை ஏற்றினால் வரம்பு மீறிவிடும். தடங்களின் எண்ணிக்கையை நம்பக்கூடாது, தகட்டைத்தான் நம்பவேண்டும். மயிலிறகுதானே என்று அளவுகடந்து ஏற்றினாலும் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வைத்துவிட்டுப் போனார் வள்ளுவர். அந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தும் நாங்கள் நெடுஞ்சாலையில் அதை மறந்தோம்.

தகட்டோடு கணக்கு முடிவதில்லை. இழுக்கும் காரின் கையேட்டைப் பார்க்கவேண்டும். சிறிய கார்கள் பலவற்றின் கையேடு எதையும் இழுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. காரில் பொருத்தும் இணைப்பிலும் வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு இணைப்பு சுமார் 907 கிலோவரை இழுக்கும். அதன்மேல் அழுந்தக்கூடிய எடை 90 கிலோ. இழுவை வண்டியே வேண்டாம், காரின் பின்புறத்திலேயே மாட்டிக்கொள்ளும் தாங்கி போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் மோட்டார் சைக்கிளின் முழு எடையும் இணைப்பின்மேலேயே உட்காரும். எங்களுடைய 110 கிலோ வண்டி ஒன்றே முதல் வகுப்பின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அடுத்து, இணைப்பின் உலோகக் குண்டு. 1⅞ அங்குலக் குண்டின்மேல் 2 அங்குலக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் பொருந்தியதுபோலவே தோன்றும். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடும். கார், இணைப்பு, குண்டு, இழுவை வண்டி, டயர் ஆகிய ஐந்தில் எதன் வரம்பு குறைவோ அதுவே எல்லாவற்றுக்கும் வரம்பு.

மடங்கும் வகைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சில வண்டிகள் இரண்டாக மடிந்து சிறு உருளைகளின்மேல் சுவரோரமாக நிமிர்ந்து நின்றுவிடுகின்றன. இடநெருக்கடி உள்ளவர்களுக்கு அவை வரமே. ஆனால் மடிப்பு இருக்கும் இடத்தில் கீல்களும் ஊசிகளும் போல்ட்டுகளும் இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவற்றைப் பார்த்து இறுக்கும் பொறுமை உள்ளவர்களே அவ்வகையை வாங்கலாம். ஏற்றும் முறை இன்னொன்று. சாய்பலகையின்மேல் மோட்டார் சைக்கிளை ஓட்டி ஏற்றுவது வீரமாகத் தோன்றலாம். பலகை நழுவினால் கால் முறியும். தட்டையே தரைமட்டத்துக்கு இறக்கிக்கொள்ளும் வண்டிகளும் கிடைக்கின்றன; விலை கூடுதல். கனமான வண்டி வைத்திருப்பவர்களும் ஐம்பதைக் கடந்தவர்களும் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுவதே நல்லது. முன்சக்கரத்தைக் கவ்விப்பிடிக்கும் அமைப்பும், நான்கு மூலைக்கும் பட்டை கட்ட உறுதியான வளையங்களும் கட்டாயம் இருக்கவேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டுவது கட்டுவதே அல்ல.

சக்கரம் சிறிதாக இருந்தால் அதே தூரத்துக்கு அது அதிகம் சுழலும், தாங்குருளைகள் சூடேறும், மசகு அடிக்கடி வேண்டும். மாற்றுச் சக்கரத்தை விலைப்பட்டியலில் தனியாகக் காட்டுகிறார்கள். செலவை மிச்சப்படுத்தப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உப்பு வணிகர்கள் தங்கள் வண்டிகளின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்றில் இருக்கிறது. சேம அச்சு என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். தேர்வுக்கு அந்தச் சொல்லின் பொருளை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மாற்றுச் சக்கரம் இல்லாமல் இழுவை வண்டி வாங்கலாகாது.

இவ்வளவு கணக்கும் வேண்டுமா, ஆயிரக்கணக்கானோர் கண்மதிப்பில் ஏற்றிக்கொண்டு நலமாகத்தானே போகிறார்கள் என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெரும்பாலான நாள்களில் கண்மதிப்பு கைகொடுக்கும். ஆனால் அது கைவிடும் நாளில் விலை கொடுப்பவர்கள் நாம் மட்டுமல்லர். அடுத்த தடத்தில் நம்மை நம்பி வந்துகொண்டிருக்கும் முன்பின் அறியாதவர்களும்தான். நம் சுமையை எடைபோடுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. மேலும், வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே தேவைப்படுவோருக்கு வாடகையே சிறந்தது. 1945-இல் தொடங்கப்பட்ட யூ-ஹால் நிறுவனம், மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த இழுவை வண்டியை நாள் வாடகைக்குத் தருகிறது. மீதி நாள்களில் அது யாருடைய கொட்டகையையும் அடைப்பதில்லை.

மாதம் இரண்டு முறை மலைக்குப் போகும் எங்கள் வீட்டாருக்கு வாடகை கட்டுபடியாகவில்லை. இறுதியில், முதலில் பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு விலையில், நிமிர்ந்து நிற்கும் வகையில் ஒன்றை வாங்கினோம். அது சிறியதுதான்; தகடு மட்டும் சிறியதன்று.

நெடுஞ்சாலையில் நடந்ததைத் தங்கையிடம் இரண்டு நாள் மறைத்துவைத்திருந்தோம். மூன்றாம் நாள் மருமகன் சொல்லிவிட்டான். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். "ஏண்ணா, புள்ளையையும் வச்சுக்கிட்டு, எடை பார்க்காமலா ஏத்துனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது குளியலறையில் இருந்த எடைக்கருவியைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தாள். முன்பாரத்தை அளக்க, இத்தகைய சிறிய வண்டிகளுக்கு, அதுவே போதும்.

புது வண்டியின் முதல் பயணத்துக்கு முந்தைய மாலை, மருமகன் அதன் முன்தண்டைச் சமதரையில் அந்தக் கருவியின்மேல் தாங்கி நிறுத்தி, மோட்டார் சைக்கிள்களை முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண் சரியாக வந்ததும் தட்டின்மேல் சக்கரம் நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு போட்டான். "இதுக்குப் பேரு என்ன மாமா?" என்று கேட்டான். முன்பாரம் என்றோம். தமிழ் எழுதத் தடுமாறுகிற பிள்ளை, கோட்டின் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி எழுதிவைத்தான்.